நாலு சுற்று நீந்தியதும் நெஞ்சு இறுக்குகிறது என்கிறான்

கேள்வி: பல மாதங்களாக மூடிக் கிடந்த பொது நீச்சல்குளத்தைத் திறந்துவிட்டார்கள். 16 வயது மகன் மறுபடி பயிற்சிக்குப் போகிறான். ஆறு வாரங்களுக்கு முன்பு எங்கள் மூவருக்கும் கொரோனா வந்தது; அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். 74 வயது மாமியார் அப்போது நாத்தனார் வீட்டில் இருந்ததால் தப்பித்தார், இப்போது எங்களோடு இருக்கிறார். தண்ணீரில் கிருமி பரவுமா? குளோரின் நுரையீரலை அரித்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா? அவன் வந்ததும் பை, செருப்பு, நீச்சல் கண்ணாடி எல்லாவற்றிலும் கிருமிநாசினி அடிக்கிறேன். வாரம் ஒரு ஐவர்மெக்டினும் கொடுக்கிறேன். நாலு சுற்று நீந்தினால் நெஞ்சு படபடக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது என்கிறான். போன வாரம் நீந்தும்போதே கண் இருட்டி, பாதியில் கரையேறிவிட்டான். பழக்கம் விட்டுப்போனதால் இருக்கும் என்று என் கணவரின் படபடப்பு மாத்திரையில் பாதியை இரண்டு முறை கொடுத்தேன். குளத்துக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். குளம் மட்டும் இல்லை, ஓட்டம், பந்து விளையாட்டு, மாடிப்படியில் தாவி ஏறுவது எதுவும் வேண்டாம். நாளைக்கே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஈசிஜி, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்), இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேன், இந்த மூன்றும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். தண்ணீரைப் பற்றியும் வீடியோவைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, நெஞ்சு இறுக்கத்தைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். என் அறையிலும் இப்படித்தான் நடக்கும். எழுந்து கதவருகே போன பிறகுதான், 'அப்புறம் டாக்டர், இன்னொன்று' என்று முக்கியமானதைச் சொல்வார்கள்.

எதற்கு இந்த அவசரம் என்றால், வைரஸ் காய்ச்சல் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கலாம். மயோகார்டைட்டிஸ் என்பார்கள். கொரோனாவுக்கு முன்பும் வேறு பல வைரஸ்களால் வந்ததுதான். அரிதானது, பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். காய்ச்சல் லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். வீங்கியிருக்கும் தசையை விரட்டி வேலை வாங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ஆளே மயங்கி விழலாம். தரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்குவார். தண்ணீருக்குள் அந்தச் சில நொடிகள் போதும்.

பழக்கம் விட்டுப்போனது வேறு மாதிரி இருக்கும். மூச்சு வாங்கும், தோளும் காலும் கடுக்கும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இந்த வாரத்தைவிட அடுத்த வாரம் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகப் போக முடியும். உங்கள் மகன் சொல்வது அதில் சேராது. நெஞ்சு இறுக்கம் ஒன்று. அதைவிடப் பெரியது, நீந்திக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. கரையேறி நின்ற பிறகு தலை சுற்றினால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியதாக இருக்கும். அதற்கு நான் இவ்வளவு பதற மாட்டேன். உழைத்துக்கொண்டிருக்கும்போது இருட்டுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இன்றிரவு சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ மயங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பாதி மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். படபடப்புக்குத் தருவது பெரும்பாலும் நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து. நோய் உள்ளே அப்படியே இருக்க, அது காட்டும் அடையாளத்தை மட்டும் மறைக்கும். பையனுக்கு ஆஸ்துமா இழுப்பு இருந்தால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். மருத்துவர் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது அமைதியாக இருக்கும், அவரும் ஏமாறலாம். அதனால் எந்த மாத்திரை, என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் எடுத்துப் போங்கள். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குப் பிய்த்துக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐவர்மெக்டினையும் இன்றோடு நிறுத்துங்கள். அது புழுவுக்கான மருந்து. கொரோனாவுக்கு ஆய்வுகளுக்கு வெளியே அதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

தண்ணீர்ப் பயத்தை விடுங்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை. குளோரின் பட்டால் தாங்காது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2021இல் சோதித்துப் பார்த்தார்கள்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் குளோரின் உள்ள குளத்துத் தண்ணீரில், 30 நொடிக்குள் வைரஸின் தொற்றும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நுரையீரலை அரிக்கும் என்ற வீடியோவை அழித்துவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மட்டும் கவனியுங்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது. பராமரிப்பும் காற்றோட்டமும் போதவில்லை என்று அர்த்தம். பைக்கும் செருப்புக்கும் கிருமிநாசினி வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

உங்கள் நிஜமான பயம் மாமியார்தான் என்று புரிகிறது. அந்தப் பயம் நியாயமானது, தவறான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து காற்றில். உடை மாற்றும் அறையை நினைத்துப் பாருங்கள்: ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் ஈரம், பத்துப் பையன்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டு. 2020 பிப்ரவரி, மார்ச்சில் தென்கொரியாவின் சொனான் நகரில் 12 உடற்பயிற்சிக் கூடங்களில் நடந்த நடன உடற்பயிற்சி வகுப்புகள் வழியாக, வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்து 112 பேருக்குத் தொற்றியது. அதே நாள்களில் தொற்றோடு இருந்த ஒரு பயிற்றுநர் ஏழெட்டுப் பேருக்கு யோகாவும் பிலாட்டிஸ் என்ற மெதுவான உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவரிடம் பயின்ற யாருக்கும் வரவில்லை. கூட்டம், மூடிய அறை, மூச்சிரைக்கும் வேகம் மூன்றும் சேரும்போதுதான் பரவுகிறது. எனவே அவன் திரும்பப் போகும் நாள் வந்தால் வீட்டிலேயே நீச்சல் உடையை உள்ளே போட்டுக்கொண்டு போகட்டும், வீட்டுக்கு வந்து குளிக்கட்டும், தண்ணீரில் இறங்கும்வரை மாஸ்க் இருக்கட்டும். மாமியாருக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் இந்த வாரமே போடுங்கள். அவரைக் காப்பதில் நீங்கள் அடிக்கும் அத்தனை கிருமிநாசினியும் அதற்கு ஈடாகாது.

நீங்கள் கேட்காத ஒன்று. மாதக்கணக்கில் மூடிய இடத்தில் ஷவர் குழாய்களுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். ஷவர் தூவலோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். வயதானவர்களும் புகை பிடிப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். திறப்பதற்கு முன் குழாய்களைத் திறந்துவிட்டுச் சுத்தம் செய்தார்களா என்று நிர்வாகியிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

மகனுக்கு அழற்சி என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சி கிடையாது, அழுவான், சமாதானப்படுத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தரையில் நடையில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகலாம். முடிவுகள் கைக்கு வந்ததும் எழுதுங்கள். எந்த நாளில், எத்தனை சுற்றில் தொடங்கலாம் என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.