வாசகர் கேள்வி – பதில்: தனி ஒருவர் கட்டும் பட்டறை

கேள்வி: ஓய்வு பெற்ற பின்னர் தச்சு வேலையும் சிறு வெல்டிங் வேலையும் செய்வதற்காக, வீட்டு வளவின் பின்பக்கத்தில் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட பட்டறையொன்றைச் சுற்றிவரக் கல்சுவருடன் நானே கட்ட எண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கூலிக்கு ஆள் பிடிப்பதும் இப்போது எளிதாக இல்லை. ஒருவர் தனியே இதைச் செய்து முடிக்க இயலுமா? – வாசகர், கண்டாவளை

பதில்: இயலும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அளவில் இயலாது. வாசலுக்கு ஆறு அடியை விட்டுவிட்டு எட்டு அடி உயரத்துக்குச் சுவர் எழுப்புவதாயின், 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் 6 அங்குலத் தடிப்பும் உள்ள சீமெந்துக் கல் ஏறத்தாழ 850 வேண்டும். ஒரு கல் 25 கிலோ அளவில் இருக்கும் என்பதால், கலவையைச் சேர்க்காமலே 21 தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தை நீங்கள் ஒருவராகவே குனிந்து தூக்க நேரிடும். அகலத்தைப் 10 அடியாகவும் நீளத்தை 18 அடியாகவும் குறைத்து, நாலு வரிக் கல்லோடு சுவரை நிறுத்தி, அதற்கு மேல் கம்பிவலை அடித்தால் 150 கல் போதும். வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழ் நின்று சீவுளி பிடிப்பவருக்கு அந்த வலையால் வரும் காற்று, முழுச் சுவரைவிடப் பெரிய வசதி.

கூரையைச் சுவருக்கு முன்னர் போட்டுவிடுங்கள். மேசன்மார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அவர்கள் நாலு பேராக வந்து நாலு நாளில் முடித்துவிடுவார்கள். நீங்களோ மாதக்கணக்கில் வேலை செய்யப் போகிறவர். கூரை முதலில் ஏறிவிட்டால், சித்திரை, வைகாசி வெயிலிலும் நிழலில் நின்று நாளுக்கு ஐந்தோ பத்தோ கல் வைக்கலாம், சீமெந்தும் நனையாது. ஆகவே மாரி ஓய்ந்து, மண் கல்லாக இறுகுவதற்கு முன்னர், தை பிற்பகுதியிலேயே குழி வெட்டத் தொடங்கி, சோளகம் எனும் தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் கூரை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மூலைகளைச் சரிபார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வரும்படி நூல் பிடிப்பதும், மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயும் போதுமானவை. குழாயின் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டால் மறுமுனையைப் பிடிக்க இரண்டாம் ஆள் வேண்டியதில்லை.

குழி வெட்டும் இடம் இதுவரை யாரும் மண்வெட்டி போடாத பற்றைக் காணியாக இருந்தால், முதலில் கிராம சேவையாளரிடம் விசாரியுங்கள். மிதிவெடி அகற்றப்பட்ட காணி என்பதை அறியாமல் அங்கே இரண்டரை அடி ஆழத்துக்கு வெட்டக் கூடாது. ஐயத்துக்குரிய இரும்பு எதுவும் வெளிப்பட்டால் கை வைக்காது விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

தூணுக்கு மூன்று அங்குல ஜீ.ஐ. பைப்பைப் பரிந்துரைக்கிறேன். மரக்கப்பை நட்டால் கறையான் உள்ளால் ஏறுவது தெரியவே தெரியாது. பைப்பின் தலையில் வளை, அதாவது கூரையைத் தாங்கும் நீள மரம், இருந்துகொள்ளும்படி பள்ள வடிவத் தகடொன்றை நிலத்தில் வைத்தே வெல்ட் செய்துவிட்டு, பின்னர் சீமெந்து, மணல், சல்லி 1:2:4 அளவில் கலந்த கொங்கிறீற்றில் நாட்டுங்கள். கொங்கிறீற்றை ஒரு குழிக்கு வேண்டிய அளவு மட்டும் குழையுங்கள். ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். வளைக்கும் சலாகைக்கும் வைரம் பாய்ந்த பனையே நல்லது. சொந்தக் காணியில் நிற்கும் பனையாயினும் தறிப்பதற்கு முன்னர் பிரதேச செயலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

18 அடி வளையை ஒருவர் எப்படி ஏற்றுவது? இரு முனைத் தூண்களிலும் இரண்டு அடிக்கு ஒன்றாக இரும்புக் கிளாம்ப் பூட்டிக்கொள்ளுங்கள். வளையின் ஒரு முனையைத் தூக்கி முதற் கிளாம்பில் வைத்து, கயிற்றால் தூணோடு தளர்வாகக் கட்டிவிட்டு, மறுமுனைக்குப் போய் அதையும் அவ்வாறே வையுங்கள். பிறகு முதல் முனையை இரண்டாம் கிளாம்புக்கு ஏற்றுங்கள். ஒரு தடவைக்குப் பாதிப் பாரந்தான் கையில் ஏறும். ஏணிப்படி ஏறுவது போல வளை தலைத் தகட்டில் போய் அமர, எனக்கு ஒரு காலைப்பொழுது சென்றது.

கூரை ஒற்றைச் சரிவாக, தாழ்ந்த பக்கம் தென்மேற்கைப் பார்த்து இருக்கட்டும். முகடு கட்டும் தொல்லையும் இல்லை, சோளகமும் உள்ளே புகுந்து தகட்டைக் கிளப்பாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்துத் தாவாரத்தை மூன்று அடி நீட்டி, ஒரு படங்கும் தொங்கவிடுங்கள். தகடு ஏற்றும் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஓர் ஆனி மாதப் பிற்பகலில், இன்னும் ஒரு தகடுதானே என்று தலைக்கு மேல் தூக்கினேன். காற்று அதைப் பறித்துக்கொண்டுபோய் அயல் வளவின் வேலியில் சாத்தியது. இடது உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை வாங்கி கிறைண்டரால் வெட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

கேள்வி: வீட்டிலிருந்து 100 அடி தள்ளி இருக்கும் கொட்டிலில் வெல்டிங் மெசினைப் போட்டால் வீட்டு விளக்குகள் மங்குகின்றன. மெசின் பழுதா? – வாசகர், புளியங்குளம்

பதில்: பெரும்பாலும் பழுது வயரில்தான் இருக்கும். விளக்குகளுக்குப் போகும் அதே மெல்லிய வயரிலிருந்து கொட்டிலுக்கும் மின்சாரம் எடுத்திருந்தால், மெசின் ஓடும்போது அதில் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது; வயரும் சூடேறுகிறது. பிரதான பலகையிலிருந்து தனிப் பிரேக்கருடன் 4 சதுர மில்லிமீற்றர் வயரைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு இழுப்பியுங்கள். உங்கள் இணைப்பு 15 அம்பியரா 30 அம்பியரா என்பதையும் பாருங்கள். 15 ஆயின் இன்வேர்ட்டர் வகை மெசினும் 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் கம்பியுமே உங்களுக்கு எல்லை. 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் கட்டாயம் இருக்க வேண்டும். கோடையில் நிலம் காய்ந்து எர்த் கம்பி பிடிப்பிழந்துவிடும் என்பதால், அதைக் குளியல் தண்ணீர் ஓடும் பக்கமாக அடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தச்சு மேசையை எத்தனை அடி உயரத்தில் செய்வது? – வாசகி, மல்லாவி

பதில்: அடிக்கணக்கை விடுங்கள், அம்மா. வேலைக்குப் போடும் செருப்புடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். உள்ளங்கையைக் கிடையாக மடக்கினால் அது தொடும் உயரமே சீவுளி பிடிக்க ஏற்றது. கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் ஆண்களின் உயரத்துக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் நின்றால் உங்கள் தோள் நோகும். கால்களை முதலில் ஓர் அங்குலம் கூடுதலாகவே விட்டு, ஒரு கிழமை வேலை செய்து பார்த்த பின்னர் அறுங்கள்.