1776-க்கும் 1789-க்கும் நடுவில் ஆண்டது யார்?

வணக்கம் ஐயா. 1776-இல் விடுதலையை அறிவித்த அமெரிக்காவுக்கு 1789-இல்தான் முதல் குடியரசுத் தலைவர் வந்தார் என்றால், இடையில் ஆண்டது யார் என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. பலரும் தாவிச் செல்லும் இடம் அது.

13 மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ்தான் அப்போது பொது அரசு. 1781-இல் நடைமுறைக்கு வந்த, நாட்டின் முதல் அரசியலமைப்பான கூட்டமைப்பு விதிகள்கூட அதற்கு வரி விதிக்கும் உரிமையைத் தரவில்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டிஷ் படையை யார்க்டவுனில் வென்று, 1783-இல் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தான பிறகும் வீரர்களுக்குச் சம்பள பாக்கி நின்றது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் சிக்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் போரிட்டவர்.

அந்த அதிர்ச்சி 1787 பிலடெல்பியா மாநாட்டுக்கு வேகம் கொடுத்தது. கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்காகக் கூடியவர்கள் புதிய அரசியலமைப்பையே எழுதிவிட்டார்கள். 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்பது ஏற்பாடு. 1788 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் பதவியேற்றார்.

மகளை ஷேஸ் கிளர்ச்சியிலிருந்து படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.