நல்லாட்சி மதிப்பெண்ணும் ஜிடிபியும்: ஆப்பிரிக்க நாடுகளை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: பொருளாதாரத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். 'ஆப்பிரிக்க நாடுகளில் நல்லாட்சியும் பொருளாதார வெற்றியும்' என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. 54 நாடுகளின் ஆட்சித் தரத்தை அளக்கும் இப்ராஹிம் குறியீட்டு மதிப்பெண்ணையும் ஓராண்டு ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) வளர்ச்சி விகிதத்தையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. "அப்படியென்றால் ஆட்சி எப்படி இருந்தாலும் ஒன்றுதானா?" என்று கேட்கிறார் என் நெறியாளர். எங்கே தவறினேன்?

பதில்: கணக்கில் பிழை இருக்காது. எடுத்துக்கொண்ட அளவுகோலில்தான் சிக்கல். ஓராண்டு வளர்ச்சி விகிதம் ஆட்சியைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே சொல்லாது. 1994-ல் இனப்படுகொலை நடந்தபோது ருவாண்டாவின் பொருளாதாரம் பாதியாகச் சுருங்கியது. மறு ஆண்டே 35 சதவீதம் வளர்ந்தது. அந்த 35-ஐ யாரும் வெற்றி என்று சொல்லமாட்டார்கள். விழுந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். புதிய எண்ணெய்க் கிணறு திறந்தாலும், பொய்த்த மழை மறு ஆண்டு பெய்தாலும் விகிதம் இப்படித்தான் துள்ளும். குறைந்தது இருபது ஆண்டுச் சராசரியை எடுங்கள். கூடவே தனிநபர் வருமானம், ஆயுட்காலம் இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. சூடானில் பிறந்த தொழிலதிபர் மோ இப்ராஹிமின் அறக்கட்டளை 2007 முதல் வெளியிடும் இந்தக் குறியீட்டில் நான்கு பிரிவுகள் உண்டு: பாதுகாப்பும் சட்டத்தின் ஆட்சியும், மக்கள் பங்கேற்பும் உரிமைகளும், பொருளாதார வாய்ப்புகளுக்கான அடித்தளம், மனித வளர்ச்சி. கடைசி இரண்டில் உள்கட்டமைப்பு, கல்வி, சுகாதாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. மொத்த மதிப்பெண்ணை வருமானத்தோடு ஒப்பிட்டால் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் வைத்து எடைபோடுவதாக ஆகிவிடும். அப்போது வருகிற தொடர்பும் பொய்த் தொடர்புதான். முதல் இரண்டு பிரிவுகளை மட்டும் எடுங்கள், அல்லது உலக வங்கியின் ஆட்சிக் குறியீடுகளுக்குப் போங்கள். அவை 1996 முதல் கிடைக்கின்றன. ஊழல் கட்டுப்பாடு, சட்டத்தின் ஆட்சி, மக்கள் குரல் (மக்களால் சுதந்திரமாகப் பேசவும் ஆட்சியைத் தட்டிக்கேட்கவும் முடிகிறதா என்பது) உள்ளிட்ட ஆறும் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வல்லுநர்கள், நிறுவனங்கள், பொதுமக்கள் ஆகியோரின் கருத்துகளிலிருந்து கட்டப்பட்டவை. நன்றாக வளரும் நாட்டுக்குக் கை தாராளமாகவே மதிப்பெண் போடும். அதனால் 1996-ன் மதிப்பெண்ணையும் அதற்குப் பிந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டு விளைவையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், 54 நாடுகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவதைவிட ஒத்த இரு நாடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். என் தேர்வு போட்ஸ்வானாவும் எக்குவடோரியல் கினியும். இரண்டும் மக்கள்தொகை மிகக் குறைந்த நாடுகள். இரண்டுக்கும் மண்ணுக்கு அடியிலிருந்து செல்வம் வந்தது.

போட்ஸ்வானா 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டது. ஒராபா இருப்பது முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த பமாங்வாட்டோ மக்களின் பகுதியில். அவர் நினைத்திருந்தால் அந்த வருமானத்தைத் தன் இனக்குழுவுக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கனிம உரிமையை நாட்டுக்கே பொதுவாக்கும் சட்டம் 1967-ல் வந்தது. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடனான கூட்டுச் சுரங்கத்தில் 15 சதவீதமாகத் தொடங்கிய அரசின் பங்கு, பேச்சுவார்த்தையின் மூலமே 1970-களின் நடுவில் 50 சதவீதமானது. வைரப் பணத்தில் மிஞ்சியதைச் சேமிக்க 1994-ல் பூலா நிதியம் வந்தது. அதே ஆண்டு, ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் நாடாகவும் ஆனது போட்ஸ்வானா.

எக்குவடோரியல் கினியில் 1979-ல் ஆட்சியைக் கைப்பற்றிய தியோடோரோ ஒபியாங்தான் இன்றும் அதிபர். 1990-களின் நடுவில் கடலுக்கடியில் பெரிய அளவில் எண்ணெய் கிடைத்தது. உங்கள் எக்ஸெல்லைக் குழப்புவது இப்படிப்பட்ட நாடுதான். எண்ணெய் பெருகிய ஆண்டுகளில் அதன் வளர்ச்சி விகிதம் உலகையே மிஞ்சியது. சில ஆண்டுகள் உலக வங்கியின் உயர் வருமான நாடுகள் பட்டியலிலும் இருந்தது. ஆனால் ஜிடிபியில் பெரும்பங்கு எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஆளும் குடும்பத்துக்கும் போனது. அதிபரின் மகனும் துணை அதிபருமானவரைப் பொதுப்பணத்தைச் சுருட்டிய வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் 2017-ல் குற்றவாளி என்றது. எண்ணெய் உற்பத்தி குறையத் தொடங்கியதும் பொருளாதாரம் ஆண்டுக்கணக்கில் சுருங்கியது. இத்தகைய நாடுகளுக்கு ஜிடிபியை விட்டுவிட்டு மொத்தத் தேசிய வருமானத்தைப் பாருங்கள். வெளியே போகும் லாபத்தைக் கழித்துவிடுவதால் அது நிலைமையைக் கொஞ்சம் நேர்மையாகக் காட்டும்.

ஆட்சியின் தரம் நல்ல காலத்தைவிட நெருக்கடியில்தான் வெளிப்படும் என்பது என் எண்ணம். எச்ஐவி போட்ஸ்வானாவைச் சூறையாடியது. பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தொற்று, ஆயுட்காலம் சரிந்தது. 2002-ல் அரசு நாடு முழுவதும் இலவசமாகக் கூட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியது, ஆயுட்காலம் மீண்டது. சேமிப்பும், இயங்குகிற நிர்வாகமும் இல்லாத நாட்டால் இதைச் செய்திருக்க முடியாது. ஆண்டு வளர்ச்சி விகிதத்தில் இது எங்கேயும் தெரியாது.

இதற்காகப் போட்ஸ்வானாவை முழு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். வருமான ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிக மோசமான நாடுகளில் அதுவும் ஒன்று. ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் வைரமாகவே இருந்துவிட்டது. ஆய்வகத்தில் செய்த வைரங்கள் சந்தைக்கு வந்து விலை விழுந்ததும் 2024-ல் பொருளாதாரம் சுருங்கியது. அதே ஆண்டுத் தேர்தலில் 1966 முதல் ஆண்ட கட்சி தோற்றது. அதிபர் தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல் பதவியை ஒப்படைத்தார்.

சரி, ருவாண்டாவும் கானாவும் உங்கள் கோட்டில் ஒட்டாமல் நிற்குமே, என்ன செய்வது? அங்கேதான் நல்லாட்சி என்ற ஒற்றைச் சொல்லை உடைக்க வேண்டும். ருவாண்டாவில் 2000 முதல் பால் ககாமேதான் அதிபர். ஊழல் கட்டுப்பாட்டில் உயர்ந்த இடம், மக்கள் குரலில் மிகத் தாழ்ந்த இடம், வளர்ச்சி வேகம். கானாவில் ஆளுங்கட்சி தோற்றால் இறங்கிவிடுகிறது. 2000-லிருந்து இது நான்கு முறை நடந்திருக்கிறது. ஆனால் தேர்தல் ஆண்டு வந்தால் செலவு எகிறுவது அங்கே பழக்கமாகிவிட்டது. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்தியது. அந்த மாதப் பணவீக்கம் 54 சதவீதம். உரிமையும் கஜானாக் கட்டுப்பாடும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இரு நாடுகளும் நடுவில் எங்கோ போய் நின்று உங்களைக் குழப்பும்.

இயற்கை வளமே இல்லாத நாடு வேண்டுமென்றால் மொரீசியஸை எடுங்கள். கரும்பை மட்டுமே நம்பியிருந்த தீவு, 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து ஆயத்த ஆடைக்கும், பிறகு சுற்றுலாவுக்கும் நிதிச் சேவைக்கும் மாறியது.

ஒன்று மட்டும் மறக்காமல் சரிபாருங்கள்: ஜிடிபி தொடரின் அடிப்படை ஆண்டு, அதாவது விலைகளையும் துறைகளின் பங்கையும் கணக்கிட அளவுகோலாக வைக்கும் ஆண்டு. 2014-ல் நைஜீரியா அதை மாற்றியதும் ஜிடிபி 89 சதவீதம் கூடிவிட்டது. கானாவுக்கு 2010-ல் 60 சதவீதம். அந்த மக்கள் யாரும் ஒரே இரவில் பணக்காரர் ஆகவில்லை. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டுப்போட்டு ஒரே வரிசையாக எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்துவிட்டு, ஊழல் கட்டுப்பாடு, மக்கள் குரல் இரண்டையும் தனித்தனி வரைபடமாக வரைந்து நெறியாளரிடம் காட்டுங்கள்.