82 வயது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு: ஆபரேஷன் டேபிளிலேயே உயிர் போய்விடும் என்கிறார்களே, செய்யலாமா வேண்டாமா?

நீங்கள் விவரம் எழுதவில்லை. அம்மா விழுந்து ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும், வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டேபிளில் உயிருக்கு ஆபத்து வருமா என்றால், வரும். எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, வந்தது. இருந்தாலும் மறுபடி அந்த நிலை வந்தால் ஆபரேஷனுக்கான அதே சம்மதப் படிவத்தில்தான் கையெழுத்துப் போடுவேன், இரண்டு நாள் முன்னாடியே போடுவேன்.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். 2022 ஐப்பசி மழையில் முற்றத்துச் சாரல் அதைச் சுற்றியுள்ள வளவு வரைக்கும் அடித்திருந்தது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்தவர் வழுக்கிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாக, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. பொதுவாக நாம் இடுப்பு எலும்பு என்று சொல்வது அதைத்தான்.

அன்றைக்கே செய்திருக்கலாம். மலேசியாவில் இருக்கும் அண்ணன் நான் வந்துவிடுகிறேன், அதுவரை பொறு என்றார். உறவில் ஒருவர், இந்த வயதில் எதற்குக் கத்தி, நாட்டுக் கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும் என்றார். அப்புறம் அஷ்டமி, நவமி. இப்படியே மூன்றாம் நாள் ஆகிவிட்டது, அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, சோடியமும் குறைந்துவிட்டது. பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், தலையாட்டியவன் நானும்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் நகையைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போட்ட வைரத் தோடு, திருகாணி இறுகிப்போய் வரவில்லை. ஆச்சி (என் அக்கா) தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத் திருக, ஆத்தா வலியைக்கூட மறந்து, "பத்திரமா வையிங்க, மூளியாப் போறேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். முறிந்த தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்து, எலும்புக்குள் சிமென்ட் போட்டுப் பிடிக்க வைப்பது. அந்தச் சிமென்ட் போகும் நிமிடத்தில்தான் பிரஷர் சட்டென்று விழுந்து, ஆக்சிஜனும் இறங்கிவிட்டது. மயக்க மருத்துவர் வெளியே வந்து அம்மாவுக்கு இதயம் தடுமாறுகிறது, மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பித்தார், ஆனால் இரண்டு நாள் வெண்டிலேட்டரில் இருந்தார்.

பிறகு அந்த டாக்டரே ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எலும்பின் குழாய்க்குள் சிமென்டை அழுத்தித் தள்ளும்போது உள்ளே இருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். அங்கே ரத்தம் போக வழியில்லாமல் இதயத்தின் வலப்பக்கம் திணறும். நிறையப் பேருக்கு லேசாக வந்து போய்விடுமாம். வயதானவர்களுக்கும் இதயம், நுரையீரல் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கும்தான் இந்த அளவுக்குப் போகும். அதற்காகத்தான் சிமென்ட் போடுமுன் குழாயை நன்றாகக் கழுவுவார்கள், சர்ஜன் "சிமென்ட் போடப்போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல, மயக்க மருத்துவர் ஆக்சிஜனைக் கூட்டி மருந்தோடு தயாராக நிற்பார். சிமென்ட்டே வேண்டாம் என்று நாமாகச் சொல்லக் கூடாது, தேய்ந்த எலும்பில் அது இல்லாமல் வைத்தால் எலும்பு மறுபடி உடைய வாய்ப்பு அதிகம். எங்களுக்கு இதையெல்லாம் முன்னாடி யாரும் சொல்லவில்லை. நீங்கள் கேளுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாயிற்றா, ஐசியூ படுக்கை வைத்திருக்கிறார்களா என்று மயக்க மருத்துவரிடமே கேளுங்கள்.

வெண்டிலேட்டர் குழாயை எடுத்த அன்று ராத்திரி ஆத்தா நர்ஸைப் பார்த்து, "அப்பச்சி பர்மாவுலேருந்து வந்துட்டாக, முகப்பைத் திறங்க" என்று கத்தினார். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. என்னை யாரென்றே தெரியவில்லை. புத்தி பேதலித்துவிட்டதென்று ஆச்சி அழுதார். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் தற்காலிகக் குழப்பம் அது. கண்ணாடியை மாட்டிவிட்டு, காது மெஷினை வைத்து, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்து பேசப் பேச ஐந்தாறு நாளில் தெளிந்தார். 17 நாடுகளில் கிட்டத்தட்ட 3000 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2020ல் வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் செய்தாலும் ஒரு நாள் கழித்துச் செய்தாலும் இறப்பு பெரிதாக மாறவில்லை, ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. எங்களைப் போல மூன்று நாள் படுக்கப் போடுவது வேறு கதை.

ஆபரேஷனே வேண்டாம் என்பவர்கள் அடுத்து என்ன என்று சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் புண் வரும், நிமோனியா வரும், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும், திருப்பிப் போடும் ஒவ்வொரு முறையும் வலியில் கத்துவார்கள். ஆபரேஷன் செய்தவர்களிலேயே ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் போய்விடுகிறார், நான் மறைக்கவில்லை. நான் டாக்டரும் இல்லை. இதயம் மிக மோசமாக இருந்து, டாக்டர்களே வலியை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்றால் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, மனசு ஆறாமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்ரூம் இரண்டாங்கட்டுக்கும் பின்னால், மூன்று நிலைப்படி தாண்டிப் போக வேண்டும். வளவில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கிறேன் என்று அவர் விழுவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே பங்காளிகளிடம் கேட்டேன். அந்த வீட்டில் 14 பங்கு. பழைய சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று ஒருவர் மறுத்தார். அவர்தான் அவர் பங்குக்கு வந்த தேக்குக் கதவைக் காரைக்குடி பழம்பொருள் கடையில் போட்டுக் காசாக்கினார்.

கம்பி இப்போது இருக்கிறது, யாரையும் கேட்கவில்லை. ஆத்தா அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஊன்றுகோலோடு பட்டாலைக் கூடம் வரைக்கும் வந்து உட்காருகிறார். தோட்டை மட்டும் யார் சொன்னாலும் இனிக் கழற்ற மாட்டாராம்.

உங்கள் அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், விழுந்து எத்தனை நாள், எக்கோவில் என்ன வந்தது என்று எழுதுங்கள். முக்கியமாக, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதை நாளைக் காலை வரை வைத்திருக்காமல் இப்போதே டூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.