கொக்கை விரட்டலாமா?

வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரியில் வசிக்கும் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் பதில் தருகிறார்.

தர்மபுரிக்குப் பக்கத்தில் பேரீச்சந்தோட்டம் வைத்திருக்கிறேன். பண்ணைக்குட்டைக்குக் கொக்கும் மடையானும் நிறைய வருகின்றன. சவுதியில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே பாலைவனச் சோலைகளில் பறவைகளும் கொசுக்களும் சேர்ந்து மூளைக்காய்ச்சல் கிருமியைப் பரப்புவதாகப் போனில் சொன்னான். பட்டாசு வெடித்துக் கொக்குகளை விரட்டிவிடலாமா, டாக்டர்?
- வாசகர், தர்மபுரி

வேண்டாம் ஐயா, பட்டாசு வேண்டவே வேண்டாம். தம்பி சொன்னது உண்மைதான், அந்தக் கிருமிக்கு வெஸ்ட் நைல் என்று பெயர். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது கொசுவை.

ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவைகளுக்கு வழியெல்லாம் மணல். களைத்து இறங்கத் தண்ணீரும் நிழலும் கிடைப்பது சோலைகளில்தான். பேரீச்சைக்குப் பாய்ச்சிய தண்ணீர் வடிந்து தேங்கும் இடத்தில் கியூலெக்ஸ் கொசு முட்டையிடும். ஜனங்கள் குடியிருப்பதும் அதே இடத்தில். வெஸ்ட் நைல் கிருமிக்கு வேண்டிய எல்லாமே அங்கே நெருக்கமாக அமைந்துவிடுகிறது.

1998-ல் இஸ்ரேலின் தென்கோடியில், பாலைவன ஊரான ஐலாத்தில், செங்கால் நாரைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. வெப்பக்காற்று அவற்றை வழக்கமான தடத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தது. பெரும்பாலானவை அந்த வருஷம்தான் ஐரோப்பாவில் பொரித்த குஞ்சுகள். பல செத்தன, சோதித்தால் வெஸ்ட் நைல். அதற்கு முன் அந்த நாட்டின் மேல் பறந்தே இராத பறவைகள் என்பதால், கிருமி ஐரோப்பாவில்தான் தொற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த இளம் நாரைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். அவையும் நோயாளிகள்தானே!

பறவையின் ரத்தத்தில் கிருமி நிறைந்திருப்பது சில நாட்கள்தான். பிழைத்துக்கொண்டால் எதிர்ப்புசக்தி வந்துவிடும். அந்தச் சில நாட்களுக்குள் கொசு கடித்தாக வேண்டும். கடித்த கொசுவின் எச்சிலுக்குக் கிருமி வந்து சேர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் வந்துபோகும் பறவை கிருமியைக் கொண்டுவந்தாலும், அது ஊரில் நிலைத்துப் பெருகக் கொசுவும் சிட்டுக்குருவி போன்ற உள்ளூர்ப் பறவைகளும் வேண்டும். கோழியின் உடம்பில் அது அவ்வளவாகப் பெருகாது. அதனால்தான் சில நாடுகளில் கோழிகளை வெளியே கூண்டில் வளர்த்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்து, ஊருக்குள் கிருமி வந்துவிட்டதா என்று கண்காணிக்கிறார்கள். நம் கோழிக்கு எவ்வளவு பெரிய வேலை பாருங்கள்.

சரி, தர்மபுரிக்கு வருவோம். நம் பக்கம் கொக்கு, மடையான் இனத்தோடு சேர்ந்த கிருமி என்றால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் மனிதர்களிடம் அது முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், இங்கிருந்து தூரமில்லாத வேலூர்ப் பகுதியில். பரப்புவது நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள். கிருமி அதிகமாகப் பெருகுவது பன்றிகளின் உடம்பில். அதனால் குட்டைக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் பன்றி கட்ட விடாதீர்கள்.

கொக்கை விரட்டினால் அது அடுத்த தோட்டத்துக் குட்டையில் இறங்கும். கொசு உங்களிடமே தங்கிவிடும். குட்டையில் மீன் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். கரையோரப் புல்லை அறுத்துவிடுங்கள், அதன் மறைவில்தான் புழு தப்பிக்கும். சொட்டுநீர்க் குழாய் ஒழுகி மரத்தடியில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள். இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்த பிறகு. ராத்திரி மோட்டார் போடப் போகிறவர் முழுக்கைச் சட்டை போட்டுப் போகட்டும்.

செத்துக் கிடந்த காகத்தை என் மகன் வெறுங்கையால் எடுத்துப் போட்டுவிட்டான். பயமாக இருக்கிறது.
- வாசகி, பாலக்கோடு

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான் என்றால் பதற வேண்டாம் அம்மா. இந்தக் கிருமிகள் முக்கியமாகக் கொசுக்கடியில் வருபவை. ஆனாலும் பறவைக் காய்ச்சல் போன்ற வேறு நோய்களும் உண்டு என்பதால், அடுத்த முறை கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு காகம் சாவது சகஜம். அடுத்தடுத்துப் பல விழுந்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1999-ல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் நுழைந்தபோது காகங்கள்தான் கொத்துக்கொத்தாகச் செத்தன.

வெஸ்ட் நைல் வந்தால் உயிருக்கு ஆபத்தா? தடுப்பூசி உண்டா?
- வாசகர், ஓசூர்

தொற்றியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. மீதிப் பேருக்குக் காய்ச்சல், உடம்புவலி. சுமார் 150 பேரில் ஒருவருக்குத்தான் மூளையைத் தாக்கும், அது கடுமையானது. குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதருக்கு இன்னும் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு உண்டு. உங்கள் பகுதியில் குழந்தைகளுக்குப் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காய்ச்சலோடு வலிப்போ, கழுத்து விறைப்போ, பேச்சில் குழறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.