புட்டியில் பார்த்த வீடு: மத்தேயுஷ் மாளிகை பற்றிக் கேள்வி பதில்

சார், மத்தேயுஷ் ரோஸே ஒயின் புட்டியில் ஒரு மாளிகை படம் இருக்கிறதே, அது நிஜ வீடா? அங்கேதான் ஒயின் செய்கிறார்களா?

வீடு நிஜம். போர்ச்சுகலின் வடக்கே, விலா ரியால் ஊரை ஒட்டி இருக்கிறது. ஒயினுக்கும் அதற்கும் உறவு லேபிளோடு சரி. 1942-இல் அந்த ஒயினைத் தொடங்கியவர்கள் மாளிகையின் பெயரையும் படத்தையும் உரிமையாளரிடம் கேட்டு வாங்கினார்கள். புட்டிக்கு இவ்வளவு என்று பங்கு வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை போதும் என்று அவர் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. அப்புறம் அந்த ஒயின் உலகம் முழுக்க விற்றது. கதை உண்மையென்றால், அவர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாரோ!

கட்டியது யார்?

18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், வீட்டுக்குச் சொந்தக்காரக் குடும்பத்தின் 3-ஆவது மொர்காதோ அந்தோனியு ஜொசே பொத்தேல்யு மொரௌன். வடிவமைத்தவர் நிக்கொலாவ் நசோனி என்பார்கள். போர்த்து நகரின் கிளேரிகுஷ் கோபுரத்தைக் கட்டிய இத்தாலியர். கையெழுத்திட்ட வரைபடம் எதையும் வைத்துச் சொல்வதில்லை, பாணியை வைத்துத்தான். வெள்ளையடித்த சுவர், அதில் கருங்கல் சட்டங்கள், கூரை ஓரத்தில் நம் கோபுரக் கலசம் மாதிரி வரிசையாகக் கல் முனைகள். பார்த்தால் நசோனி கைதான் என்றே எனக்கும் படுகிறது.

‘மொர்காதோ’ என்றால் பட்டமா அண்ணா?

பட்டம் மாதிரி, ஆனால் விஷயம் சொத்து. மொர்காதியு என்பது பாகம் பிரிக்க முடியாத, விற்கவும் முடியாத குடும்பச் சொத்து. மூத்த மகனுக்கு அப்படியே போகும். இளையவர்கள் சர்ச்சுக்கோ, படைக்கோ, கடல் கடந்தோ போக வேண்டியதுதான். அநியாயம் என்றுதான் சொல்வேன். 1863-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனால் பாகப்பிரிவினையில் சிதறாமல் வீடும் நிலமும் ஒரே கையில் நின்றதற்கு அந்த மொர்காதியு ஏற்பாடுதான் காரணம். 1910-இல் வீடு தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 1970 முதல் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

முன்னால் இருக்கும் குளம் அந்தக் காலத்து மன்னர்கள் வெட்டியதா?

மன்னர்களும் இல்லை, அந்தக் காலமும் இல்லை. குளம் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. மாளிகை தலைகீழாகத் தெரியும் அந்தப் பிரபலமான காட்சியை, கட்டியவரே பார்த்ததில்லை! தண்ணீரில் பாதி மூழ்கித் தூங்கும் பெண் சிலை இன்னும் புதிது. ஜுவாவ் குட்டிலெய்ரு செதுக்கியது. படம் எடுக்கப் போகிறவர்கள் காற்றில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

தோட்டத்தில் தவறவிடக் கூடாதது எது?

சீடார் சுரங்கம். ஏறக்குறைய 35 மீட்டர் நீளத்துக்கு மரங்களைக் கூடாரம்போல வளைத்து வளர்த்திருக்கிறார்கள். வெளியே அடர் பச்சைச் சுவர். உள்ளே போனால் வெயில் எட்டாததால் இலையே கிடையாது, பழுப்புக் கிளைகள் விலா எலும்புபோலப் பின்னிக் கிடக்கும். காலடியில் சருகு மெத்தை, பிசின் வாசனை. அந்தப் பக்கத்தில் ‘ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்’ என்று ஒரு பழமொழி உண்டு. அந்த மூன்று மாதத்தில் உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

வெளிப்புறத்தைக் கத்தரிப்பதுதான் வேடிக்கை. சாதாரண ஏணியைச் சாய்த்தால் கிளைகள் நசுங்கும். அதனால் சுரங்கத்தின் வளைவுக்குத் தக்கபடி வளைந்த பெரிய ஏணிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். சுவரில் சாத்தியிருந்தால், யாரோ கோணலாகச் செய்துவிட்டார்கள் என்றே நினைப்பீர்கள்.

மற்றபடி பாக்ஸ்வுட் செடிகளைக் கோலம்போலக் கத்தரித்த பாத்திகள், கமேலியா, திராட்சைத் தோட்டம்.

உள்ளே டிக்கெட் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?

செஸ்ட்நட் மரத்தில் செதுக்கிய விதானங்களை அண்ணாந்து பாருங்கள். அப்புறம் நூலகம். 5-ஆவது மொர்காதோ, போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷின் ‘லூசியாதுகள்’ காவியத்தை 1817-இல் பாரிஸில் சொந்தச் செலவில் அச்சிட்டார். விற்பனைக்கு அல்ல, நூலகங்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்கு. அதன் சித்திரங்களுக்கான செப்புத் தகடுகளும் வீட்டில் இருக்கின்றன.

வாஸ்கோ ட காமா பாட்டுதானே அது? நம்ம ஊர் வருமா?

வரும். கோழிக்கோடு முக்கியமான களம். பத்தாம் காண்டத்தில் புனித தோமாவைப் பற்றிச் சொல்லும்போது ‘மெலியப்போர்’ என்று ஓர் ஊர் வரும். நம்ம மயிலாப்பூர்தான்.