சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரோல்பிளே கேம்பெயினுக்கு நட்சத்திர மேப் மென்பொருள் அவசியமா?

அவசியம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கேள்வியைப் பார்த்தால் ஆட்டம் (ஒரு குழு ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஒரே கதையைத் தொடர்ந்து ஆடுவதுதான் கேம்பெயின்) இன்னும் தொடங்கவில்லை, விளையாட நாலு பேர் ரெடி, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரான நீங்கள் மட்டும் ராத்திரியெல்லாம் மேப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நிஜ நட்சத்திரங்களை வைத்தே கதை நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஹிப்பார்க்கோஸ், யேல், க்ளீசே என்ற மூன்று பட்டியல்களைக் கலந்து செய்த ஹெச்ஒய்ஜி என்ற இலவசப் பட்டியல் இருக்கிறது, ஏறத்தாழ 1,20,000 நட்சத்திரங்கள். அதை அப்படியே ஒரு முப்பரிமாண மென்பொருளில் ஏற்றினேன். (பெயர் சொல்லப்போவதில்லை, நடந்ததில் தப்பு என்னுடையது.) லேப்டாப் திணறி நின்றுவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்து 20 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதையெல்லாம் கழித்தேன். மிஞ்சியதில் முக்கால்வாசி சிவப்புக் குள்ளன்கள், அதாவது சின்ன, மங்கலான நட்சத்திரங்கள். மூன்று வாரம் உட்கார்ந்து அவற்றுக்குக் குடியேற்றம், வணிகப் பாதை, வண்ண வண்ணக் கோடுகள் எல்லாம் போட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்க்க அவ்வளவு அழகு.

ஆட்டத்தில் விண்கப்பல் ஒரு தாவலுக்கு (ஒரே பாய்ச்சலில்) 7 ஒளியாண்டுதான் போகும் என்று விதி. கப்பல் பர்னார்ட் என்ற நட்சத்திரத்தில் நிற்கிறது. கேப்டனாக ஆடியவர் கேட்டார்: “இங்கிருந்து ஸ்ட்ரூவே 2398-க்கு எத்தனை தாவல்?” திரையில் மேலிருந்து பார்க்கும் கோணம், இரண்டு நட்சத்திரப் புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தன. “ஒரே தாவல், பக்கத்து வீடு மாதிரி” என்றேன். போனார்கள், சரக்கை விற்றார்கள், ஒரு கலகத்தையும் கிளப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அதுவரை வாயே திறக்காத தம்பி ஒருவன் மொபைலைப் பார்த்தபடி, “அண்ணா, ஒன்பதரை வருது. நம்ம கப்பல் ஏழுதானே?” என்றான்.

அவன் சொன்னது சரி. பக்கவாட்டில் இடைவெளி ஒரு ஒளியாண்டு சொச்சம்தான், ஆனால் மேல்கீழாக ஒன்பதுக்கும் மேல். திரை தட்டை, அதில் ஆழம் தெரியாது. நான் உடனே, நடுவில் யாரும் பட்டியலிடாத ஒரு பழுப்புக் குள்ளன் (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத, மங்கலான வான்பொருள்) இருக்கிறது, கப்பல் அங்கே நின்றுதான் போனது என்று அடித்துவிட்டேன். “அப்ப திரும்பி வரும்போதும் அது அங்கேயே இருக்குமா?” என்று கேட்டுவிட்டு, அதற்கு ‘சமாளிப்பு’ என்று பெயரும் வைத்துவிட்டான் அவன்.

வானியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: அது அவ்வளவு அபத்தமில்லை. ஆறரை ஒளியாண்டில், வாசலிலேயே கிடக்கும் லூமன் 16 என்ற பழுப்புக் குள்ளன் ஜோடியையே 2013-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

அன்றிலிருந்து மென்பொருளை மேப்புக்காக நம்புவதில்லை, தூரத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பட்டியலில் மூன்று அச்சு எண்கள் (x, y, z) இருக்கும் (அவை பார்செக் என்ற அலகில் இருக்கும், ஒளியாண்டாக்க 3.26-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்). இரண்டு நட்சத்திரங்களின் எண்களைக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம். எக்செல் போதும். தாவல் எல்லைக்குள் வரும் ஜோடிகளுக்கு மட்டும் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தூரத்தை எழுதிக் கொடுங்கள், மேப் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லையை எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது. பழுப்புக் குள்ளன்களை விட்டுவிட்டால், 5 வைத்தால் சூரியனிலிருந்து போக ஒரே இடம் ஆல்ஃபா சென்டாரி. 6 என்றால் பர்னார்டும் (5.96) சேரும். 8 என்றால் வுல்ஃப் 359. 9 வைத்தீர்களோ லாலண்ட் 21185, சிரியஸ், லூய்டன் 726-8 என்று கதவு மொத்தமாகத் திறந்துவிடும், அப்புறம் யாரையும் எங்கேயும் மடக்க முடியாது.

1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளே விளையாட்டின் அறுகோணக் கட்ட மேப்பைப் பார்த்து, ஒரு கட்டம் ஒரு பார்செக்காம், விண்வெளி என்ன காகிதமா என்று நக்கலடித்தவன் நான். கட்டத்தை விரல் வைத்து எண்ணினால் தூரம் தெரிந்துவிடுகிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நிஜ நட்சத்திரம் வேண்டாம் என்றால் யோசிக்காமல் அதற்கே போங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். யாராவது “அந்த ஃபைலை அனுப்பேன், சும்மா பார்க்கத்தான்” என்றால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். வாங்கியவர் தனியாக ஒரு குழு சேர்த்து, மேப் முழுக்கத் தன் கைவேலை என்று சொல்லி ஆட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஸ்ட்ரூவேக்குப் போகும் வழியில் ‘சமாளிப்பு’ கூட அப்படியே இருக்கிறதாம், பெயர் பிரமாதம் என்று அவரைப் பாராட்டுகிறார்களாம்.

சரி, உங்கள் கப்பல் ஒரு தாவலுக்கு எவ்வளவு போகும் என்று நீங்கள் எழுதவே இல்லையே. அதைச் சொல்லுங்கள், சூரியனிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். ஃபைல் மட்டும் கேட்காதீர்கள்.